ஆயிரம் ரூபாய் பிரஷ்ஷா, ஆறாயிரம் ரூபாய் பிரஷ்ஷா? செயற்கை இழை ஷேவிங் பிரஷ் வாங்கப்போகிறவர்களுக்கு

செயற்கை இழை ஷேவிங் பிரஷ் ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஆறாயிரத்துக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் இருப்பது பிளாஸ்டிக் இழைதான். விளம்பரத்தில் இரண்டுமே பட்டு மாதிரி மென்மை என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. ரேசர், பிளேடு பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்கள் தவறாமல் கேட்பது இது: ஆறு மடங்கு காசு கொடுத்தால் ஆறு மடங்கு நல்ல ஷேவ் வருமா?

வராது. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடாது. நூறு ரூபாய் பிரஷ்ஷை விட்டு ஆயிரம் ரூபாய் பிரஷ்ஷுக்கு மாறினால் வித்தியாசம் அன்றைக்கே கன்னத்தில் தெரியும். ஆயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குப் போனால் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். கன்னத்துக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த இரண்டாவது தாவலுக்குக் காசு போடலாமா என்பது நீங்கள் எதற்காக பிரஷ் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டிரிம்மரோடு நிறுத்திக்கொள்பவர்களும் டப்பா நுரையை அமுக்கிப் பூசுபவர்களும் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு பிரஷ்ஷே தேவையில்லை.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஏழு விஷயங்கள். எவ்வளவு சோப்பில், எவ்வளவு சீக்கிரம் நுரை வருகிறது. முகத்தில் நுனி குத்துகிறதா, வருடுகிறதா. அழுத்தும்போது நடுவில் போதிய விறைப்பு இருக்கிறதா. ஒரு ஷேவுக்கும் அடுத்த ஷேவுக்கும் நடுவில் காய்ந்துவிடுகிறதா. எத்தனை வருடம் உழைக்கும். ஈரக் கையில் பிடி நழுவாமல் நிற்கிறதா. கடைசியாக, குஞ்சம் எதனால் ஆனது: பன்றிமுடியா, பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் முடியா, பிளாஸ்டிக்கா. பலருக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. மத நம்பிக்கையாலோ சைவப் பழக்கத்தாலோ பன்றிமுடி முகத்தில் படக்கூடாது என்று நினைக்கும் வீடுகளில் மற்ற ஆறையும் பேச வேண்டிய அவசியமே வராது.

நம் ஊரில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களுக்குக் கூடுதல் மார்க் போட வேண்டும்: காய்வது, உப்புத் தண்ணீரைத் தாங்குவது. வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்கும்போது இந்த இரண்டும் விட்டுப்போகின்றன.

விலங்கு முடி தண்ணீரைக் குடிக்கும். நன்றாக ஊறிய முடி தன் எடையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். நல்ல செயற்கை இழை பிரஷ்களில் அதிகம் பயன்படும் பிபிடி என்ற பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். இழைகளுக்கு நடுவே தேங்குகிற தண்ணீர்தான். நாலு உதறு உதறினால் பாதி போய்விடும், மீதி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னல் இல்லாத குளியலறையில் முடி பிரஷ்ஷை வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் குஞ்சத்தின் அடிவேரில் விரலை வைத்தால் சில்லென்று இருக்கும். அப்படியே நாள் கணக்கில் போனால் பூஞ்சை வாடை வரும்.

போர் தண்ணீர் இன்னொரு தொல்லை. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாகிவிடும். வாளியின் உட்புறம் ஒட்டுகிற அதே படிவம்தான் குஞ்சத்தின் அடியிலும் ஒட்டி, இழைகளைக் கற்றை கற்றையாகப் பிடித்துவைக்கும். எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் இது வரும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டு, குஞ்சத்தை மட்டும் பத்து நிமிடம் ஊறவைத்து அலசினால் போய்விடும். செயற்கை இழை இந்தக் குளியலை எத்தனை தரம் வேண்டுமானாலும் தாங்கும். அடிக்கடி செய்தால் விலங்கு முடி வறண்டுபோகும்.

செயற்கை இழைக்கு இருந்த கெட்ட பெயர்

நைலான் இழை பிரஷ்ஷுக்குள் நுழைந்தது 1938-ல், டூபாண்ட் கம்பெனி தயாரித்த இழையோடு அமெரிக்காவில் பல் துலக்கும் பிரஷ் விற்பனைக்கு வந்தபோது. ஷேவிங் பிரஷ்ஷுக்கும் அதே மாதிரித் தடித்த நைலானைப் போட்டார்கள். அது முகத்தில் குத்தியது, தண்ணீரைப் பிடிக்கவில்லை, சோப்பைத் தெறித்தது. 'செயற்கை என்றால் மட்டம்' என்ற எண்ணம் அப்போது ஒட்டியது.

நிலைமையை மாற்றியது இழையின் நுனி. அடியில் தடிப்பாகவும் நுனியில் ஊசி போல மெலிந்தும் வரும் இழைகள் வந்த பிறகு, விறைப்பும் மென்மையும் ஒரே பிரஷ்ஷில் சாத்தியமாயின. மெல்லிய நுனி என்று விளம்பரம் செய்யப்படும் பல் பிரஷ்களில் இருப்பதும் இதே வகைதான். ஜெர்மனியின் மூலே நிறுவனம் பேட்ஜர் முடியைப் போல நிறம் தீட்டிய இழையோடு வந்தது. அடுத்து பிரான்ஸின் பிளிஸ்ஸான் பெயரில் வந்த செயற்கை பிரஷ் 2014 வாக்கில் ஆர்வலர்கள் நடுவே பெரும் பேச்சானது. அதைப் பார்த்துச் சீன ஆலைகள் அதே வகைக் குஞ்சத்தைக் குவிக்கத் தொடங்கின. டக்ஸிடோ, காஷ்மீர் என்றெல்லாம் பெயர் சூட்டிய குஞ்சங்கள் அந்த வரிசையில் வந்தவை.

இங்கேதான் விலை ரகசியம் இருக்கிறது. குஞ்சம் தனியாக, கைப்பிடி தனியாக விற்பனைக்குக் கிடைக்கும் பொருட்கள். பத்துப் பதினைந்து டாலருக்கு நல்ல செயற்கைக் குஞ்சம் வாங்கலாம். கைவினைஞர் ஒருவர் அழகான ரெசின் கைப்பிடியைக் கடைந்து, அந்தக் குஞ்சத்தை எபாக்ஸி பசையில் நட்டு, நூறு டாலருக்கு மேல் விற்கிறார். அதே ரகக் குஞ்சம் சாதாரணக் கைப்பிடியில் ஆயிரம் ரூபாய்க்கும் வருகிறது. கைவினைஞர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. எந்தக் குஞ்சம் என்று பலர் வெளிப்படையாகவே எழுதிவைக்கிறார்கள். வாங்குபவர்தான் அந்த வரியைப் படிப்பதில்லை.

கடைவீதி பிரஷ்: ₹60 முதல் ₹200 வரை

மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் தொங்கும் பிளாஸ்டிக் கைப்பிடி பிரஷ். உள்ளே இருப்பது பன்றிமுடியா நைலானா என்று அட்டையில் தெளிவாக இருக்காது. 'பிரிசில்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பன்றிமுடிதான். சந்தேகமானால் ஒரே ஒரு இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி என்றால் பொசுங்கிய வாடை அடித்து, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். பிளாஸ்டிக் என்றால் உருகி நுனியில் சின்ன உருண்டையாக இறுகும்.

டியூப் கிரீம் போடுபவர்களுக்கு இது வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. கோத்ரெஜ், பாமாலிவ், ஓல்டு ஸ்பைஸ் மாதிரியான கிரீம்கள் எந்த பிரஷ்ஷிலும் நுரைக்கும். ஆனால் குஞ்சம் அடர்த்தியில்லாமல் அழுத்தினால் விரிந்துகொள்ளும். நுரை கன்னத்துக்குப் போவதைவிட வாஷ்பேசினுக்குப் போவது அதிகம். முடி உதிரும், நுனி குத்தும். வருடா வருடம் மாற்ற வேண்டியிருக்கும்.

பயணப் பைக்கு, விடுதி அறைக்கு, சலூனுக்குச் சொந்த பிரஷ் கொண்டுபோக நினைப்பவருக்கு இது போதும். தினமும் வீட்டில் ஷேவ் செய்பவர் இதிலேயே நிற்பதுதான் எனக்குப் புரியாத சிக்கனம்.

நடுத்தரச் செயற்கை இழை: ₹700 முதல் ₹1,500 வரை

என் ஓட்டு இதற்குத்தான். சீனாவின் யாச்சி போன்ற பிராண்டுகளும், இந்தியாவில் இயங்கும் சில ஷேவிங் பிராண்டுகளும் இந்த விலைக்குள் 22 முதல் 26 மி.மீ. குஞ்சத்தோடு பிரஷ் தருகின்றன. நுனி மெல்லியது. ஊறவைக்க வேண்டாம், குழாயில் நனைத்து இரண்டு உதறு உதறினால் தயார். அவசர அவசரமாக ஆபீஸ் கிளம்புபவருக்கு இது பெரிய விஷயம்.

பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முடி பிரஷ் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். செயற்கை இழை அப்படிச் செய்யாது. ஈரம் கூடுதலாக இருந்தால் மொத்தத்தையும் முதல் சுற்றிலேயே கொட்டிவிடும், நுரை நீர்த்து மணிக்கட்டில் வழியும். நன்றாக உதறிவிட்டு, கொண்டைக்கடலை அளவு கிரீமோடு தொடங்கி, பிறகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்த்தால் தயிர் பதத்துக்கு வரும். சரியான பதமா என்று பார்க்க, பிரஷ்ஷைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஒரு தரம் அழுத்தி எடுங்கள். பெரிய குமிழிகள் இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும். குமிழியே தெரியாமல் பளபளவென்று ஒட்டினால் போதும்.

குறைகளும் உண்டு. சில பிரஷ்களில் குஞ்சம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நட்டிருக்கும். சாயம் தீட்டிய இழைகளில் முதல் சில நாள் நிறம் கசிவதுண்டு. பசை சரியாக வைக்காமல் குஞ்சமே கழன்று வருவதும் நடக்கும். கழன்றால் தூக்கிப் போட வேண்டாம். நன்றாகக் காயவைத்து அரால்டைட் கலந்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டால் புதிதாக நட்டதைவிட உறுதியாக நிற்கும்.

உயர்விலைச் செயற்கை இழை: ₹4,000-க்கு மேல்

மூலே, சிம்ப்சன் போன்ற பழைய பெயர்களும் மேற்கத்தியக் கைவினைஞர்களும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். எதற்கு இந்த விலை என்று பிரித்துப் பார்த்தால் நியாயமான பகுதி இருக்கிறது, பெயருக்காகக் கொடுக்கும் பகுதியும் இருக்கிறது.

நியாயமானது: சீரான தரம். குஞ்சம் சாயாது, ஒரே அடர்த்தியாக இருக்கும், உதிராது. கைப்பிடி கனமான ரெசினில் அழகாகக் கடைந்திருக்கும். மேசையில் வைத்தால் ஆடாது, சோப்புக் கையில் வழுக்காது. பெரிய நிறுவனமாக இருந்தால் பழுதுக்குப் பொறுப்பேற்கும் வாய்ப்பும் அதிகம். கைவிரல் மூட்டுவலி உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ள பெரியவர்கள் பருமனான கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு என்று ஒருவர் கேட்டால் இந்தக் காரணத்துக்காக மட்டுமே விலையைப் பார்க்காமல் வாங்கச் சொல்வேன்.

நியாயமில்லாதது: நுரையில் பெரிய முன்னேற்றம் வரும் என்ற எதிர்பார்ப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு முகத்தில் தேய்த்தால், ஒரே அளவும் ஒரே அடர்த்தியும் உள்ள ஆயிரம் ரூபாய் பிரஷ்ஷையும் ஆறாயிரம் ரூபாய் பிரஷ்ஷையும் பெரும்பாலானோரால் பிரித்துச் சொல்ல முடியாது என்பது என் கணிப்பு. இழையின் நுனியில் கறுப்பு, வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பது பேட்ஜர் முடியைப் பார்த்து அடித்த வேஷம், நுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணக்கும் பார்த்துவிடுவோம். தினம் ஒரு ஷேவ், ஐந்து வருடம் என்றால் 1,825 ஷேவ். ஆயிரம் ரூபாய் பிரஷ்ஷுக்கு ஒரு ஷேவுக்கு 55 பைசா. ஆறாயிரம் ரூபாய் பிரஷ்ஷுக்கு ₹3.29. இரட்டை முனை பிளேடு போடுபவருக்கு பிளேடு செலவே அதைவிடக் குறைவு. முகத்தில் தெரிகிற மாற்றம் வேண்டுமென்றால் அந்த ஐயாயிரத்தை நல்ல சோப்பிலும், உங்கள் தாடிக்குப் பொருந்தும் பிளேடைத் தேடுவதிலும் போடுங்கள்.

இந்த விலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், பெரிய பெயரிலேயே சின்ன விலையைத் தேடுங்கள். 1919-ல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் பேட்ஜர் பிரஷ்களுக்குப் பேர்போனது. அவர்களின் டிராஃபல்கர் வரிசை செயற்கை இழைதான், அவர்களின் பேட்ஜர் விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

பன்றிமுடி: இறக்குமதி ரகம், ₹1,000 முதல் ₹2,000 வரை

இத்தாலியின் ஒமேகா, போர்ச்சுகலின் செமோக் பிரஷ்களைச் சொல்கிறேன். கடைவீதி ரகத்தோடு சேர்க்காதீர்கள். முதல் சில வாரம் விறைப்பாகக் குத்தும், ஆட்டுக்கொட்டகை வாடை அடிக்கும். பழகப் பழக ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாகப் பிளந்து மெத்தென்று ஆகும். அடித்தண்டின் விறைப்பு மட்டும் அப்படியே இருக்கும். கட்டியான வட்டச் சோப்பு போடுபவர்களுக்கு இந்த விறைப்பு வரப்பிரசாதம். சோப்பைச் சுரண்டி எடுப்பதில் நடுத்தரச் செயற்கை இழைகூட இதன் பக்கத்தில் நிற்காது.

விலை? ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால் ஐந்து நிமிட ஊறல். மழைக்காலத்தில் காயாது. தினமும் ஷேவ் செய்தால் இரண்டு பிரஷ் வாங்கி மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். அப்போது செலவும் இரண்டு மடங்கு.

பேட்ஜர்

மென்மை, சூடான நுரையை உள்ளேயே வைத்திருப்பது, பழமையின் அழகு, எல்லாம் உண்மை. விலையும் உண்மை. 'ப்யூர்', 'பெஸ்ட்', 'சில்வர்டிப்' என்று போடும் தரப்பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் பெஸ்ட் இன்னொருவருக்கு சில்வர்டிப். பிராணியைக் கொன்று எடுக்கும் முடி என்பதும் பலருக்கு உறுத்தும். நம் ஈரப்பதத்தில் பராமரிப்பும் கூடுதல். குளிர்நாட்டில் இருந்துகொண்டு, வாரத்துக்கு இரண்டு முறை நிதானமாக ஷேவ் செய்பவர் ஆசைப்பட்டு வாங்கினால் தப்பில்லை. தாம்பரத்தில் தினமும் எட்டு மணி ரயிலைப் பிடிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

விலங்கு முடி பற்றி ஒரு பழைய கதை. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடி கிடைக்காமல் குதிரை முடியை வைத்து அவசரத்தில் பிரஷ் செய்தார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத அந்த முடி வழியே ஆந்த்ராக்ஸ் நோய் சிப்பாய்களுக்கும் பொதுமக்களுக்கும் பரவியது. பிரிட்டன் 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே தடை செய்தது. இன்று நல்ல நிறுவனங்கள் முடியைக் கிருமி நீக்கித்தான் பயன்படுத்துகின்றன, பயப்பட வேண்டியதில்லை. முகவரி தெரியாத பழைய பிரஷ்ஷை ஆசைக்கு வாங்குபவர்கள் மட்டும் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

ஒரே பார்வையில்

| | கடைவீதி | நடுத்தரச் செயற்கை | உயர்விலைச் செயற்கை | பன்றிமுடி | பேட்ஜர் |
|---|---|---|---|---|---|
| டியூப் கிரீமில் நுரை | சுமார் | மிக நன்று | மிக நன்று | நன்று | மிக நன்று |
| கட்டிச் சோப்பில் நுரை | மோசம் | நன்று | நன்று | மிக நன்று | நன்று |
| ஊறவைத்தல் | முடியென்றால் வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | கொஞ்சம் |
| மழைக்காலத்தில் காய்வது | ரகத்தைப் பொறுத்து | சில மணி நேரம் | சில மணி நேரம் | ஒரு நாளுக்கு மேல் | ஒரு நாளுக்கு மேல் |
| கைப்பிடி | லேசு, வழுக்கும் | பரவாயில்லை | அருமை | எளிமை | அருமை |
| விலங்கு முடி | இருக்கலாம் | இல்லை | இல்லை | ஆம் | ஆம் |

விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து பிரஷ்ஷின் விலையில் பெரும்பங்கு ஆகிவிடும். லண்டனிலோ டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாசகர்களுக்கு இந்தச் சுமை குறைவு. அவர்கள் கணக்கில் உயர்விலைக்கும் நடுத்தரத்துக்கும் இடைவெளி அவ்வளவு அகலமில்லை. ஊருக்கு வரும் உறவினர் யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார் என்றாலும் இதே கணக்குதான்.

அடுத்தது குஞ்சத்தின் அளவு. உயர்விலை பிரஷ்களில் 28, 30 மி.மீ. குஞ்சங்கள் படத்தில் கம்பீரமாக இருக்கும். முகத்தில் வைத்தால் மூக்குத் துவாரத்துக்குள்ளும் காதோரத்திலும் நுரை போகும்; மீசையைச் சுற்றி லாகவமாக வராது. சோப்பும் கூடுதலாகக் குடிக்கும், ஏனென்றால் நுரையில் பாதி குஞ்சத்துக்குள்ளேயே தங்கிவிடும். மீசை வைத்திருப்பவர்கள் 22 மி.மீ. அல்லது 24 மி.மீ. தாண்ட வேண்டாம்.

கனமான ரெசின் கைப்பிடி கீழே விழுந்தால் விளிம்பு உடையும், இல்லாவிட்டால் தரை ஓடு உடையும். மரக் கைப்பிடி ஈரத்தில் ஊதி வெடிக்கும். கொதிக்கும் தண்ணீர் செயற்கை இழைக்கும் பசைக்கும் எமன்: நுனி சுருண்டுபோகும், பசை தளரும். கை பொறுக்கும் சூடு போதும். தனிப்பட்ட சுகாதாரப் பொருள் என்று சொல்லிப் பல ஆன்லைன் கடைகள் ஷேவிங் பிரஷ்ஷைத் திருப்பி வாங்குவதில்லை. பிடிக்கவில்லை என்றால் பணம் போனது போனதுதான்.

இன்னொரு செலவு, இரண்டாவது பிரஷ். அழகான கைப்பிடிக்கு ஆசைப்பட்டு முதலாவதை வாங்குபவர் ஒன்றோடு நிறுத்துவது அபூர்வம்.

அப்படியானால் யாருக்கு எது

முதல் முறை பிரஷ் வாங்குபவர், தினமும் ஷேவ் செய்பவர், டியூப் கிரீம் போடுபவர், விலங்கு முடி வேண்டாம் என்பவர்: நடுத்தரச் செயற்கை இழை, 24 மி.மீ., கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கட்டிச் சோப்பில் ஊறிப்போனவர், பன்றிமுடியில் ஆட்சேபம் இல்லாதவர், பொறுமைசாலி: ஒமேகாவோ செமோக்கோ.

ஏற்கெனவே நடுத்தர பிரஷ் ஒன்றைச் சில வருடம் பயன்படுத்தி, தனக்கு எந்த அளவு, எவ்வளவு விறைப்பு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டவர், அழகான கைப்பிடிக்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுப்பவர்: உயர்விலைச் செயற்கை. இவர் ஏமாற மாட்டார். கைப்பிடி பருமன் உண்மையிலேயே தேவைப்படும் பெரியவர்களும் இந்த வரிசையில்தான்.

பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் பெறுபவர் எந்தச் சோப்பு போடுகிறார் என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். டப்பா நுரை போடுபவருக்கு ஆறாயிரம் ரூபாய் பிரஷ் வாங்கிக் கொடுத்தால் அது அலமாரிக்குப் போகும்.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: குஞ்சத்தின் விட்டம், கைப்பிடிக்கு மேலே குஞ்சத்தின் உயரம், மொத்த எடை. விட்டத்தைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலான உயரம் பெரும்பாலானோர் முகத்துக்குப் பொருந்தும், 24 மி.மீ. குஞ்சத்துக்கு 50 முதல் 54 மி.மீ. அதைவிடக் குட்டையானால் விறைக்கும், உயர்ந்தால் துவளும். இந்த எண்களைச் சொல்லாமல் 'பிரீமியம்', 'லக்சுரி' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.